இயற்கைப் பெயருக்கு இரண்டாம் பெயர் சேர்ப்பது எப்படி? இராமநாதபுரம் கடற்கரைப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பிள்ளைகளுக்கு இயற்கைப் பெயர் வைக்கும் ஆசை கூடிக்கொண்டே போகிறது. கயல், நிலா, முகில், தென்றல், கதிர், ஆதிரை. எல்லாமே காதுக்கு இனிமையான பெயர்கள், எனக்கும் பிடித்தவை. ஆனால் கயல் என்ற பெயரில் சென்னையில் ஒரு பிள்ளை இருக்கும், ஈரோட்டில் ஒன்று இருக்கும், சில வகுப்புகளில் இரண்டு மூன்று பேர்கூட இருப்பார்கள். நம் வீட்டுக் கயல் யாருடைய பேத்தி, எந்தக் கரைப் பிள்ளை என்று அந்த ஒரு பெயரால் சொல்ல முடியாது. அந்த வேலையை இரண்டாம் பெயர் செய்யட்டும். முதல் பெயரை உங்கள் ஆசைக்கு வையுங்கள், இரண்டாம் பெயரை வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ எடுங்கள் என்பதுதான் என் யோசனை. கீழே சொல்லப்போவது எல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றித்தான்.

இது நமக்குப் புதுப் பழக்கம் இல்லை

"ஒரு பிள்ளைக்கு எதுக்கு ரெண்டு பேரு?" என்று வீட்டில் யாராவது கேட்டால் ராமேசுவரத்தையே காட்டலாம். 1931-இல் அங்கே பிறந்த அப்துல் கலாமின் முழுப்பெயர் ஆவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம். ஜைனுலாப்தீன் அவருடைய தந்தை. அதற்கு முன்னால் நிற்பவை முன்னோர் பெயர்கள். குடும்பத்தின் தலைமுறைகளையே ஒரு பெயருக்குள் சுமந்துதான் அவர் குடியரசுத் தலைவர் மாளிகை வரை போனார்.

வீடுகளிலும் இரண்டு பெயர் எப்போதும் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் இந்தப் பக்கத்தில் வெகுகாலம் இருந்தது, சில வீடுகளில் இன்னமும் இருக்கிறது. பேரனுக்குத் தாத்தா பெயரையே வைத்துவிட்டால் பெற்ற தாய் அவனைப் பெயர் சொல்லித் திட்டக்கூட முடியாது. அதனால் ஏட்டில் தாத்தா பெயர், வாயில் ராசா, தம்பி, முத்து என்று வேறொரு பெயர். இன்றைக்கு நாம் செய்யப்போவது இதை வரிசை மாற்றி வைப்பதுதான். கூப்பிடும் பெயர் முன்னால் வருகிறது, தாத்தா பின்னால் நிற்கிறார்.

முத்து என்ற பெயரையும் கவனியுங்கள். முத்துராமலிங்கம், முத்துமாரி, அந்தோணிமுத்து, சவரிமுத்து, முத்து இபுராகிம். கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் பங்கு போட்டுக்கொண்ட பெயர் இது. கடலில் விளைந்த ஒரு பொருளைச் சாமி பெயரோடும் புனிதர் பெயரோடும் நபிமார் பெயரோடும் சேர்த்து வைக்க நம் தாத்தாக்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில்: இரண்டாம் பெயர் எங்கே நிற்கும்?

பெயரைத் தேடுவதற்கு முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள். பலர் இதைக் கடைசியில் யோசிப்பதால்தான் பிறகு சான்றிதழுக்குச் சான்றிதழ் பெயர் மாறிக்கொண்டே போகிறது.

ஒட்டி ஒரே பெயராக்கலாம்: முத்துக்கயல், சேதுமுகில். இடைவெளி விட்டு இரண்டு சொல்லாக எழுதலாம்: கயல் பர்வதம், முகில் அந்தோணி. அல்லது இரண்டாம் பெயரை முன்னெழுத்தாக மட்டும் வைக்கலாம். தந்தை முனியசாமி, இரண்டாம் பெயர் பர்வதம் என்றால் மு.ப. கயல். ஏட்டில் எதுவும் வேண்டாம், தொட்டிலில் காதோடு சொல்லும் பெயராக இருந்தால் போதும் என்றாலும் சரிதான். அப்படியானால் கடைசிப் பகுதியில் உள்ள அலுவலக வேலை உங்களுக்குப் பாதியாகக் குறையும்.

என் விருப்பம் இடைவெளி விட்டு எழுதுவது. ஒட்டி எழுதினால் சந்தி வரும். முத்துக்கயல் என்பதில் நடுவில் உள்ள க் ஆங்கிலத்தில் ஒரு கே-யா இரண்டு கே-யா என்று ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு மாதிரி எழுதும். முன்னெழுத்தாக வைத்தால் பத்து வருடத்தில் ப என்றால் என்ன என்று பிள்ளைக்கே தெரியாமல் போகலாம்.

இரண்டாவது: முதல் பெயரைக் கரையில் விசாரியுங்கள்

இரண்டாம் பெயர் முதல் பெயரைத் தாங்க வேண்டும் என்றால் முதல் பெயர் இங்கே நிற்கக் கூடியதா என்று பார்க்க வேண்டும். நகரத்தில் அழகாகக் கேட்கும் சில கடல் பெயர்கள் கடற்கரையில் வேறு மாதிரி கேட்கும்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. அதை நேரில் பார்த்தவர்கள், அன்று உறவை இழந்தவர்கள் பாம்பன் தீவில் இன்னும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகும் கடலுக்குப் போய்த் திரும்பாத ஆள் இல்லாத மீனவர் தெருவைப் பார்ப்பது கடினம். ஆழி, அலை, ஊழி போன்ற பெயர்களை மனத்தில் வைத்திருந்தால் முதலில் அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ சொல்லிப் பாருங்கள். அவர் முகம் சுருங்கினால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். அந்தப் பெயரைத் தினமும் நூறு தடவை கூப்பிடப் போகிறவர் அவர். அவர் சம்மதித்தால் தாராளமாக வையுங்கள். அப்போது இரண்டாம் பெயர் காவலுக்கு நிற்கும் பெயராக இருந்தால் வீட்டுக்கு மனநிம்மதி.

இன்னொன்று, பேச்சுவழக்கு. வாடை என்பது வடக்கிலிருந்து வரும் காற்று, கேட்க நல்ல பெயர்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் அது நாற்றம் என்ற பொருளில்தான் விழும். கொண்டலுக்கு அந்தத் தொல்லை இல்லை. கிழக்குக் காற்றுக்கும் மழைமேகத்துக்கும் அதே பெயர், ஆண்பிள்ளைக்கு எடுப்பாக இருக்கும். இன்னும் யாரும் அதிகமாக எடுக்காத நல்ல பெயர்கள் கரையிலேயே கிடக்கின்றன: தாழை, புன்னை, அடம்பு, பரவை, கானல், விடிவெள்ளி. அடம்புக்கொடி மணல் முழுக்க ஓடி ஊதாப்பூ பூத்துக் கிடப்பதை அரிச்சல்முனைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். எந்தக் காற்றிலும் மணலை விடாத கொடி. பெண்பிள்ளைக்கு அதைவிட நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லை. புன்னையும் அப்படித்தான். விளையாட்டில் மணலில் புதைத்து மறந்த விதை முளைத்து, பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்த புன்னையை, "இது உனக்கு உடன்பிறந்தவள்" என்று மகளிடம் ஒரு தாய் சொன்னதாக நெய்தல் பாட்டொன்று இருக்கிறது. மரத்தையே மகளாக்கிய கரை இது. மகளுக்கு மரத்தின் பெயர் வைக்கத் தயங்க வேண்டாம்.

மூன்றாவது: இரண்டாம் பெயரை எங்கிருந்து எடுப்பது?

முதலில் ஆட்கள். இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, அவர்களுடைய பெற்றோர், கல்யாணம் ஆகாமலேயே குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய அத்தை, பிள்ளையில்லாத பெரியப்பா. இந்தக் கடைசி இருவரை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாத்தா பெயரை யாராவது ஒரு பேரன் எப்படியும் வாங்கிக்கொள்வான். மரிக்கொழுந்து என்ற கடற்பாசி எடுத்து, முழங்கால் தேயத் தீவுக்கடலில் முங்கி, தம்பி தங்கைகளைப் படிக்க வைத்த அத்தையின் பெயரை யார் வாங்குவார்? தாள் ஒன்றை எடுத்து, இப்போது பேச்சில் வராத பழைய பெயர்களையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். காளிமுத்து, ராக்கு, முனியம்மா, சூசையம்மாள், சேகு, நாச்சியா என்று பட்டியல் நீளும்.

பழைய பெயர் "நாட்டுப்புறமாக" இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். தனியாக வைத்தால் கனமாகத் தெரியும் பெயர், இயற்கைப் பெயருக்குப் பக்கத்தில் வந்ததும் எடுப்பாகிவிடும். நிலா ராக்கம்மாள் என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். தென்றல் சூசையம்மாள். முகில் காளிமுத்து. இவை எதுவும் ஈரோட்டுப் பெயர் இல்லை.

அடுத்தது தெய்வமும் ஊரும். சேது என்ற சொல் இந்த மாவட்டத்துக்கே உரியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும், இரண்டே எழுத்து, எந்தப் பெயருக்குப் பின்னாலும் உட்காரும்: கதிர் சேது, ஆதிரை சேது. ராமேசுவரத்தில் பர்வதவர்த்தினி, நம்புநாயகி. உத்தரகோசமங்கையில் மங்களேசுவரி. திருப்புல்லாணியில் பத்மாசனித் தாயார். நம்பு என்று தொடங்கும் பெயரைக் கேட்டால் இந்தத் தீவைத் தெரிந்தவர்கள் உடனே "ராமேசுவரமா?" என்று கேட்பார்கள். நான் இரண்டாம் பெயரிடம் எதிர்பார்ப்பது அதைத்தான்.

நட்சத்திர எழுத்தில் மாட்டிக்கொள்ளும் வீடுகளுக்கும் இதே இடத்தில் வழி இருக்கிறது. பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, ட. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. இந்த எழுத்துகளில் தமிழ் இயற்கைப் பெயர் தேடினால் எதுவும் கிடைக்காது. ஜோசியர் சொன்ன எழுத்தை இரண்டாம் பெயருக்குக் கொடுத்துவிடுங்கள்: கயல் ஹேமா. முதல் பெயர் உங்கள் கையில் இருக்கும்.

கிறிஸ்தவ வீடுகளில் ஞானஸ்நானப் பெயரே இரண்டாம் பெயர் ஆகிவிடுகிறது. புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் இல்லை. கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயராக இருக்கக் கூடாது என்பதுதான் அதில் உள்ளது. ஆகவே முகில், நிலா என்று ஞானஸ்நானம் கொடுக்கத் தடையில்லை. இருந்தாலும் ஒரு புனிதர் பெயர் சேர்ந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் வழக்கமான அந்தோணியையும் சந்தியாகுவையும் தாண்டி ஓரியூர்ப் புனிதர் ஜான் டி பிரிட்டோவைப் பாருங்கள். லிஸ்பனில் பிறந்து, இங்கே வந்து அருளானந்தர் என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு, 1693-இல் ஓரியூர் மண்ணில் உயிர் விட்டவர் அவர். கதிர் அருள், நிலா அருள் என்று அவர் பெயரைச் சுருக்கி வைக்கலாம்.

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் இயற்கைப் பெயர் அரபியிலேயே வருவது உண்டு. நஜ்மா விண்மீன், கமர் நிலா, மர்ஜான் பவளம். குர்ஆனில் முத்தும் பவளமும் சேர்ந்தே சொல்லப்படுகின்றன, அதனால் மர்ஜான் கடற்கரை வீட்டுக்கு இரட்டிப்புப் பொருத்தம். முதல் பெயர் அரபி என்றால் இரண்டாம் பெயர் ஊர்ப்பெயராக இருக்கட்டும்: மர்ஜான் நாச்சியா. முதல் பெயர் தமிழ் என்றால் மறுபுறம்: நிலா பாத்திமா, கதிர் மீரான். உம்மம்மா பெயர் நாச்சியாவில் முடிந்தால் அதை விட்டுவிடாதீர்கள். இப்போது பிறக்கும் பிள்ளைகளிடம் அது குறைந்துகொண்டே வருகிறது.

இரண்டாம் பெயரையும் இயற்கையிலிருந்து எடுக்கலாமா? பொதுவாக வேண்டாம் என்பேன். கயல் தென்றல், நிலா முகில் என்றால் இரண்டு முதல் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, பள்ளியில் எதைக் கூப்பிடுவது என்று கேட்பார்கள். ஒரே விலக்கு முத்தும் பவளமும். அவை இங்கே நெடுங்காலமாக ஆள் பெயராகவே புழங்கியவை. ஆதிரை முத்து, முகில் பவளம் என்றால் பாட்டன் பெயர் போலவே ஒலிக்கும்.

நான்காவது: வாய்க்கும் காதுக்கும் சோதனை

மூன்று நான்கு ஜோடிகள் கையில் இருக்கும்போது செய்ய வேண்டியது இது. கச்சான் காற்று வேகமாக அடிக்கும் நாளில் ஒருவர் வாசலில் நிற்கட்டும், ஒருவர் கரையில் வத்தை என்ற சிறு படகை இழுக்கும் இடம் வரை போகட்டும். வாசலில் நிற்பவர் பெயரைக் கூப்பிடட்டும். நிலா, ஆதிரை போல உயிரோசையில் முடியும் பெயரை இழுத்துக் கூப்பிடலாம், காற்றைத் தாண்டிப் போகும். கயல், முகில், கதிர் இழுக்க வராது. அதனால்தான் அவை தெருவில் கயலு, முகிலு, கதிரு ஆகின்றன. அது குறை இல்லை, ஆனால் அந்த ஒலியும் உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும்.

அப்புறம் இரண்டு பெயரும் சேரும் இடத்தைக் கவனியுங்கள். நிலா ஆமினா என்று வேகமாகச் சொன்னால் நிலாமினா ஆகிறது. தென்றல் லட்சுமியில் ஒரு ல காணாமல் போகிறது. கதிர் ராமனும் அப்படித்தான். ஆனால் முகில் அந்தோணி சேர்ந்து முகிலந்தோணி என்று வழுக்கிக்கொண்டு வரும்போது கேட்க நன்றாகவே இருக்கிறது. ஒற்றில் முடியும் பெயருக்குப் பின்னால் உயிரெழுத்தில் தொடங்கும் பெயர் நன்றாக ஒட்டும். உயிரோசையில் முடிந்தால் பின்னால் க, ச, ப, ம போன்ற எழுத்தில் தொடங்குவது நல்லது: நிலா பர்வதம், ஆதிரை மங்களம்.

நீளத்துக்கு ஒரு எளிய கணக்கு போதும். முதல் பெயர் குட்டை என்றால் இரண்டாவது நீளலாம். முதல் பெயர் நீளம் என்றால் இரண்டாவது குறுகட்டும். கயல் பர்வதவர்த்தினி நிற்கும். கயல்விழி பர்வதவர்த்தினி வாயில் நிற்காது. இளம்பரிதி சேது, விடிவெள்ளி மரியா சரி. எவ்வளவு யோசித்து வைத்தாலும் ஊர் வாய் அதைத் தேய்த்துத் தன் பெயராக்கிக்கொள்ளும் என்பதும் நினைவில் இருக்கட்டும். நாம் சீதக்காதி என்று சொல்லும் கீழக்கரை வள்ளலின் பெயர் செய்கு அப்துல் காதிர்.

ஐந்தாவது: எழுதிப் பாருங்கள்

குந்துகால் துறையில் கட்டியிருக்கும் படகுகளின் முகப்பைப் பாருங்கள். பிள்ளைகள் பெயரும் சாமி பெயரும் பெயிண்டில் பெரிதாக எழுதியிருக்கும். அப்படி ஒரு பலகையில் உங்கள் ஜோடியை எழுதுவதாக நினைத்து, தடித்த எழுத்தில் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். இரண்டு நாள் கண்ணில் பட்ட பிறகும் பிடித்திருக்கிறதா பாருங்கள்.

பிறகு முன்னெழுத்து. கையொப்பத்தில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் ஆணையிட்டது. ஆகவே ஆங்கில எழுத்தில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். தந்தை பேச்சிமுத்து, இரண்டாம் பெயர் யசோதா, அதையும் முன்னெழுத்தாக்கினால் பே.ய. கயல் என்று வரும். பிள்ளைக்குப் பன்னிரண்டு வருடத் தொல்லை. இடைவெளி விட்டு கயல் யசோதா என்று எழுதினால் பே. கயல் யசோதா, அவ்வளவுதான்.

ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரே ஒரு முறை முடிவு செய்து வீட்டில் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ழ வரும் பெயரில் இது மிக முக்கியம். தாழை, கயல்விழி, யாழினி எல்லாவற்றிலும் இசட் எச் சேர்த்து எழுதுவதுதான் இங்கே பழக்கம். முதல் பெயரில் ழ இருந்தால் இரண்டாம் பெயரை வெளியூர்க்காரரும் சுலபமாகப் படிக்கும் பெயராக எடுங்கள். எண் கணிதத்துக்காக நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆயுள் முழுக்க ஒவ்வொரு கவுன்ட்டரிலும் அதைச் சொல்லித் திருத்த வேண்டி வரும்.

வளைகுடாவுக்குப் போகும் வீடுகள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்தக் கரையில் அப்படிப்பட்ட வீடுகள்தான் எத்தனை! பாஸ்போர்ட்டில் பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் உண்டு. குடும்பப் பெயர் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயரோடு வருபவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் வேறு பக்கத்தில் இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தியது. கயல் என்று மட்டும் பதிந்த பிள்ளையைவிட கயல் பர்வதம் என்று பதிந்த பிள்ளைக்கு இந்த இடத்தில் சிக்கல் குறைவு.

ஆறாவது: வீட்டுச் சம்மதம்

இதில் நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. முதல் பெயரைப் பெற்றோர் இருவரும் முடிவு செய்யுங்கள். இரண்டாம் பெயருக்கு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மூன்று பெயர் வரை கேளுங்கள், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அப்பா வழிப் பெயர் முன்னெழுத்தில் ஏற்கனவே இருக்கிறது என்பதால் இரண்டாம் பெயரை அம்மா வீட்டிலிருந்து எடுப்பது நியாயம் என்பது என் எண்ணம். பெயர் சூட்டும் நாளில் அத்தை காதில் மூன்று முறை சொல்லும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள்.

ஏழாவது: பதிவு

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் பதிவு. பாம்பன்காரர் பிள்ளை ராமநாதபுரத்திலோ மதுரையிலோ பிறந்தால் சான்றிதழ் அங்கிருந்துதான் வரும். பெயரை அந்த 21 நாளுக்குள்ளேயே கொடுத்தாக வேண்டும் என்று இல்லை. பெயரில்லாமல் பதிந்துவிட்டு, ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்துடன் 15 வருடம் வரை சேர்க்கலாம். மருத்துவமனையில் யாராவது அவசரப்படுத்தினால் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வாருங்கள்.

அவசரம் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், ஒரு முறை பதிந்த பெயரைப் பின்னர் மாற்றுவது கடினம் என்பதுதான். எழுத்துப் பிழையைத் திருத்தலாம். பெயரையே மாற்ற வேண்டும் என்றால் அரசிதழ் வரை போக வேண்டும். ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் திருத்த விடுவார்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம். அதில் கயல் பர்வதம் என்று இருந்தால் ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் பள்ளியிலும் அதே வரிசையில், அதே இடைவெளியோடு இருக்க வேண்டும்.

பெயரைக் கொடுக்கும்போது வாயால் சொல்லாதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிய தாளைக் கொடுங்கள். தந்தை பெயருக்கும் தாய் பெயருக்கும் சான்றிதழில் தனிக் கட்டம் உண்டு, ஆகவே குழந்தையின் பெயர்க் கட்டத்தில் குழந்தையின் இரண்டு பெயரும் மட்டும் வந்தால் போதும். கணினியில் ஏற்றியதும் திரையைக் காட்டச் சொல்லி, இடைவெளி சரியாக விழுந்திருக்கிறதா, ழ-வும் ள-வும் மாறவில்லையா என்று படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அச்சிடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே நான்கைந்து நகல் எடுத்து, ஒன்றை அம்மாச்சி வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.